சுவரைப் பூசும் முன் தெருவைக் கேளுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகரத்துச் சுவர்களில் ஓவியம் வரைவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை கண்ணகி நகரில் 2020-இல் குடியிருப்புச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேல் வரைந்த முகங்களை, என் தங்கை வீட்டுக்குப் போனபோது நானும் நின்று பார்த்திருக்கிறேன். மனசு நிறைந்தது. ஆனால் கட்டுரையில் ஒன்று விட்டுப்போய்விட்டது. என்ன வரைவது என்று யார் முடிவு செய்வது? வரைந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது? எங்கள் தெருவில் நடந்ததை வைத்துத்தான் கேட்கிறேன்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி ஒரு காலி மனையின் நீளமான காம்பவுண்டு சுவர். குப்பை வண்டி காலையில் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் இரவில் பைக்கில் வருகிறவர்கள் கவரைக் கட்டி அந்த மூலையில் வீசிவிட்டுப் போவார்கள். பலகை வைத்தோம், கேட்கவில்லை. கடைசியில் நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து அந்த மூலையைக் கூட்டிப் பெருக்கி, சாணம் தெளித்து, தினமும் ஒரு படிக்கோலம் போட ஆரம்பித்தோம். வாசலில் போடுவதையே பத்தடி தள்ளிப் போட்டோம், அவ்வளவுதான். கோலத்தின் மேல் குப்பையைப் போட யாருக்கும் கை வரவில்லை.

அப்புறம்தான் சுவர். எங்கள் தெருவிலேயே ஒரு பெயிண்டர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷம் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். பிளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய், இப்போது கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மனைக்காரரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினோம். சாமி படம் வரையலாம் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்மா. நாளைக்கு எவனாவது அசிங்கம் பண்ணா, சாமிக்குத்தான் அவமானம்" என்றார். அந்த மூலையில் தள்ளுவண்டி நிறுத்தும் காய்க்கார அம்மாதான் சொன்னார், "நம்ம முள்ளு கத்திரிக்கா போடு, நைனா."

போட்டார். இலவம்பாடி முள் கத்தரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய், ஓர் ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு. சாக்பீஸ் பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்து விட்டு முதலில் கோடு போட்டார். ஊதாவை மூன்று பதத்தில் கலந்து ஒன்றின் மேல் ஒன்று இழைத்தார். காம்பிலிருந்த முள் ஒவ்வொன்றையும் மெல்லிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில், நுனியில் ஒரு பொட்டு வெள்ளை வைத்து முடித்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

எட்டு மாதம் இருந்தது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஓரத்தில் ஓர் எழுத்து, ஒரு தேதி, விளம்பரம் எழுதச் சுவரைப் பிடித்து வைப்பவர்கள் போடும் 'ரிசர்வ்' என்ற வார்த்தை. மனைக்காரரைக் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. யார் அடித்தது என்று பெயர் சொல்ல நான் இதை எழுதவில்லை. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-இலேயே சட்டம் போட்டாயிற்று. அது இருக்கும்போதே இப்படி நடக்கிறது என்பதுதான் வேதனை. பத்து நாளில் பழையபடி கவர்கள் வந்து விழ ஆரம்பித்தன.

இன்னொரு பக்கம், அழகுபடுத்துகிறோம் என்று ஒப்பந்தத்தில் வரையும் சுவர்கள். இரண்டு உள்ளங்கையில் ஒரு பூமி உருண்டை, ஒரு மயில், 'மரம் வளர்ப்போம்'. எந்த ஊரில் எடுத்து வைத்தாலும் பொருந்தும். பழைய சுவரில் ஓதம் ஏறும் என்று தெரிந்தும் பிரைமர் அடிக்காமல் வரைந்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அடிப்பக்கம் பொரிந்து மயிலுக்குக் கால் இருக்காது. அதைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அது யாருடைய மயிலும் இல்லை.

ஊருக்குச் சொந்தமாக ஒன்றைச் செய்வது நம் வடாற்காட்டுப் பக்கத்துக்குப் புதுசா என்ன? திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில், துரியோதனன் சாவதை நடித்துக் காட்டும் படுகளத்துக்கு அவனை மண்ணால் செய்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஊர் மண்ணையே குவித்து, மல்லாந்து படுத்த அத்தனை பெரிய உருவம் செய்து, வர்ணம் தீட்டி, கூத்துக்காரர் பீமனாக வந்து தொடையில் அடிக்கும்வரை ஊரே சுற்றி நிற்கும். முடிந்ததும் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய் வீட்டில் வைப்பார்கள். செய்கிறவர் உள்ளூர்க்காரர், இடம் ஊர்ப் பொது. அதனால் காவலுக்கு ஆள் தேவைப்படுவதில்லை.

பெங்களூரில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் 2015-இல் சாலைப் பள்ளத்துத் தண்ணீரில் ஒரு முதலை பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார். ஊர் முழுக்க அதே பேச்சானதும் பள்ளத்தை மூடினார்கள். அந்தப் பள்ளத்தில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களின் எரிச்சல் தெரிந்தவருக்குத்தான் அந்த யோசனை வரும். அறையில் உட்கார்ந்து டிசைன் தேர்வு செய்கிறவருக்கு வராது.

வேலூர் 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த ஊர். சுவருக்கு வர்ணம் அடிக்கும் வேலை இனியும் வரும். அப்போது அந்தத் தெருவில் ஒரு நாள் சாயந்திரம் வந்து உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். வேலையை ஊரில் மிச்சமிருக்கும் போர்டு ஆர்ட்டிஸ்டுகளுக்குக் கொடுங்கள். எந்தச் சுவரில் எந்த வெயில் அடிக்கும், எந்தக் கலர் வெளுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வரைந்த சுவர் எது என்று வார்டு அலுவலகத்தில் ஒரு பதிவு இருக்கட்டும். அதன் மேல் சுண்ணாம்பு அடித்தவர்மீது வழக்குப் போடுங்கள்.

மனைக்காரர் இந்த முறை சம்மதத்தை எழுதியே கொடுத்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காய்ந்ததும் மறுபடி வரைவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். பிரைமருக்கு வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்து வைத்திருக்கிறோம். காய்க்கார அம்மா இந்த முறையும் கத்தரிக்காய்தான் வேண்டும் என்கிறார், பக்கத்தில் ஒரு தராசும் வேண்டுமாம். கோலம் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை, கவர்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு இன்று காலையும் போட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.