கெச்சுவா கற்கும் நண்பனுக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், குஸ்கோ வட்டாரத்தில் பேசும் கெச்சுவா மொழியைக் கையில் எடுத்திருக்கிறாயே, மகிழ்ச்சி. தமிழ் தெரிந்தவனுக்கு ஆரம்பம் வழுக்கிக்கொண்டு போகும், இடறுவது அப்புறம்தான்.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். வினை பெரும்பாலும் கடைசியில் வரும், விகுதி மேல் விகுதி ஒட்டும். ‘வஸி’ என்றால் வீடு. ‘வஸி-ய்-குன-பி’ என்றால் என் வீடுகளில். ‘கள்’, ‘இல்’ இரண்டும் நம் வரிசையிலேயே நிற்கின்றன. ‘என்’ மட்டும் உள்ளே நுழைந்துவிட்டது. நாம், நாங்கள் வேறுபாடும் உண்டு: ஞொக்கன்ச்சிஸ், ஞொக்கய்க்கு. 1560இல் ஸ்பெயினில் அச்சான முதல் கெச்சுவா இலக்கணத்திலேயே தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் பாதிரியார் இதைக் குறித்துவிட்டார்.

உன் கேள்வி ‘மி’, ‘சி’, ‘ச்சா’ என்ற சான்று விகுதிகள் பற்றியது, அதாவது சொல்பவனுக்குச் செய்தி எப்படித் தெரிந்தது என்று காட்டுபவை. ‘பரஷன்’ என்றால் மழை பெய்கிறது. ‘பரஷன்மி’ என்றால் நானே பார்க்கிறேன். ‘பரஷன்சி’ என்றால் பெய்யுதாம். ‘பரஷன்ச்சா’ என்றால் பெய்யுதோ என்னவோ. ‘சி’க்கு நம் ‘ஆம்’ அச்சாகப் பொருந்தும். “பெய்யுதாம், ஆனா பெய்யலை” என்று நாம் சொல்வது போல, அங்கேயும் ‘சி’ போட்டவர் அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்பதில்லை.

சிக்கல் ‘மி’யில். அதற்கு ‘உறுதி’ என்று பொருள் எழுதிக்கொண்டால் கெட்டது. எவ்வளவு நம்புகிறாய் என்பதை அது சொல்லாது, எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்லும். போதாததற்கு நம் ‘தான்’ வேலையையும் அதுவே பார்க்கிறது. ‘மர்யா ஹமுன்மி’ என்றால் மரியா வருகிறாள். ‘மர்யன் ஹமுன்’ என்றால் மரியாதான் வருகிறாள், வேறு யாரும் இல்லை. வாக்கியத்துக்கு ஒன்று போதும். கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டாதே.

‘மர்யன்’ என்பதில் வந்த ‘ன்’ எது என்று பார். உயிரில் முடியும் சொல்லுக்குப் பின் ‘மி’ வெறும் ‘ன்’ ஆகிவிடும். ஆனால் அவனுடைய, அவளுடைய என்பதற்கும் ‘ன்’தான், படர்க்கை வினைக்கும் ‘ன்’தான். ஆகவே ‘வஸின்’ என்றால் ‘அவன் வீடு’ என்றும் இருக்கலாம், ‘வீடுதான்’ என்றும் இருக்கலாம். ‘வஸின்மி’ என்று வந்தால் குழப்பமில்லை: முதல் ‘ன்’ உடைமை, ‘மி’ சான்று. வினையில் ‘ஹமு-ன்-மி’ என்று பிரித்துப் படித்துப் பழகு.

இறந்தகாலத்திலும் இதே கணக்கு. ‘ர்க்க’ போட்டால் நேரில் அறிந்தது. ‘ஸ்க்க’ போட்டால் அப்போது தெரியாமல் பிறகு தெரிந்தது; ஈரத் தரையைப் பார்த்து “மழை பெஞ்சிருக்கு” என்போமே, அது. அதனால்தான் தன்மையில் ‘புஞுஸ்க்கனி’ என்றால் ‘என்னையறியாமல் தூங்கிப்போயிருக்கிறேன்’ என்ற தொனி வரும். நாட்டுப்புறக் கதைகளும் பெரும்பாலும் ‘ஸ்க்க’விலேயே ஓடும்.

தமிழ் சுத்தமாகக் கைகொடுக்காத இடம் செயப்படுபொருள். அதுவும் வினைக்குள்ளேயே ஏறிவிடும். ‘ரிக்கு-வ-ன்கி’ என்றால் நீ என்னைப் பார்க்கிறாய். ‘வ’ என்பது என்னை. ‘ரிக்குன்கி’ என்றால் வெறுமனே நீ பார்க்கிறாய். ‘ரிக்குய்கி’ என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன்! இதில் நானும் நீயும் ஒரே விகுதியில் கலந்துகிடக்கிறோம், பிரிக்க முயலாதே. அப்படியே மனப்பாடம் செய். ‘ரிக்குசுன்கி’ என்றால் அவன் உன்னைப் பார்க்கிறான். இந்த நான்கும் நாக்கில் வந்துவிட்டால் உரையாடலில் பாதி கைவசம்.

இதுவே அதிகம் என்று தோன்றினால், கொலம்பியா-பிரேசில் எல்லையில் பேசப்படும் துயூக்கா மொழியை நினைத்துக்கொள். பார்த்தது, கேட்டு உணர்ந்தது, தடயம் கண்டு ஊகித்தது, பிறர் சொன்னது, பொதுவாக அனுமானித்தது என்று அதில் ஐந்து வகைச் சான்று. வினையில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

அகராதி வாங்கும்போது எழுத்துமுறையைப் பார்த்து வாங்கு. 1985இல் பெரு அரசு அங்கீகரித்தது அ, இ, உ என்ற மூன்று உயிரெழுத்து முறை. குஸ்கோவில் உள்ள கெச்சுவா மொழி அகாடமி, எ, ஒ இரண்டையும் சேர்த்த ஐந்தை விடுவதாயில்லை. தொண்டை ஆழத்துக் ககரத்தின் பக்கத்தில் ‘உ’ தானாகவே ‘ஒ’வாக ஒலிப்பதால், ஒரே சொல் ஒரு நூலில் ‘குச்ச’ என்றும் இன்னொன்றில் ‘கொச்ச’ என்றும் இருக்கும். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடு. நீ எழுதிய வாக்கியங்களை அடுத்த கடிதத்தில் அனுப்பு, ‘மி’ எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்