அறுவடையும் தேர்வும் சேர்ந்து வரும் மாதங்கள்: பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. உங்களில் பாதிப் பேர் சம்பா அறுவடையில் இருப்பீர்கள். மீதிப் பேர் அறுவடை மெஷின் எப்போது வரும் என்று போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்த நேரத்தில் நீளமாகக் கடிதம் எழுதினால் யார் படிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, மே மாதம் முடிவு, உடனே கல்லூரி என்று எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கப்போகிறது. இரவுச் சாப்பாடு ஆனதும் உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

முதல் திருப்புதல் தேர்வில் இயற்பியல் நடந்த அன்று, பதினொன்றரை மணி இருக்கும், ஒரு மாணவியை ஆசிரியர் என் அறைக்கு அழைத்து வந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளை. விடைத்தாளைப் பார்த்தேன். ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினைந்தும் எழுதியிருந்தாள், அதிலும் நான்கைந்தை அடித்து மாற்றியிருந்தாள். அதற்கப்புறம் வெற்றுத்தாள். தாளின் ஓரம் கை வியர்வையில் ஊறிச் சுருண்டிருந்தது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் மிஸ், கை ஓடல." அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "நான் இன்ஜினியரிங் சேரப்போறேன்னு அப்பா எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க மிஸ். குறைஞ்சாலும் பரவாயில்லன்னு நீங்க ஒரு தடவ அப்பாகிட்ட சொல்றீங்களா?"

யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டாம். அந்த அப்பா கெட்டவர் இல்லை. மகளைப் பற்றிய பெருமையில் டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெருமையைத் தேர்வு அறைக்குள் சுமந்துகொண்டு போனவள் அவள்.

இதைத் தள்ளி நின்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது நானும் தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "டெஸ்ட்ல எவ்வளவு?" என்றுதான் கேட்பேன். மார்ச் நெருங்கும்போது அவன் வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஸ்பெஷல் கிளாஸ் என்றான். ஆசிரியையான நானே நம்பினேன். ஸ்பெஷல் கிளாஸும் இல்லை, ஒன்றும் இல்லை, பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் வந்தான் என்பது இரண்டு வருடம் கழித்து அவன் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே இந்த வருடம் வேலையைப் பிரித்துக்கொள்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வு எழுதுவது பிள்ளையின் வேலை. சான்றிதழ் சேர்ப்பது, கட்டணத்துக்கு வழி பார்ப்பது, விசாரிப்பது எல்லாம் உங்கள் வேலை. எந்தக் கல்லூரி என்பது இருவரும் சேர்ந்து செய்கிற வேலை, அது கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் தொடங்கினால் போதும். மூன்றையும் ஒரே பாயில் விரித்து வைத்துத் தினமும் பேசினால் எதுவும் நடக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை எல்லாம் சின்ன விஷயங்கள்தான். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பது நம் ஊர் வழக்கம். தப்பில்லை. ஆனால் நாலு மணிக்கு எழுகிற பிள்ளை ஒன்பதரைக்குப் படுத்திருக்க வேண்டும். பதினோரு மணி வரை சீரியல் ஓடுகிற ஒற்றை அறையில் அது எப்படி முடியும்? இந்த இரண்டு மாதம் டிவிக்கு ஒன்பது மணியோடு லீவு கொடுங்கள். போனைத் திடீரென்று பிடுங்கி வைக்காதீர்கள், அது வேறொரு சண்டையில் போய் முடியும். இரவில் உங்கள் போனும் பிள்ளையின் போனும் சேர்ந்து சாமி அலமாரியில் இருக்கட்டும். உங்கள் போனும் அங்கே இருப்பதுதான் முக்கியம்.

தேர்வு நாளில் பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். பத்து நிமிடம் வாசிக்க, ஐந்து நிமிடம் விவரங்கள் சரிபார்க்க. பத்தே காலுக்கு எழுதத் தொடங்கி ஒன்றே காலுக்கு முடிப்பார்கள். முதல் பத்து நிமிடத்தில் கேள்வித்தாளை முழுக்கப் படித்துவிட்டு, நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியில் தொடங்கச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். கை ஓடாத பிள்ளைக்கு அதுதான் மருந்து. ஒன்பது மணிக்குள் பள்ளியில் இருந்தால் போதும். இட்லி சாப்பிட்டுவிட்டு வரட்டும், வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். மதியம் திரும்பி வந்ததும் கேள்வித்தாளை வாங்கி எது சரி எது தப்பு என்று அலச வேண்டாம். எழுதிக் கொடுத்த தாள் திரும்பி வராது, அடுத்த பாடம் காத்திருக்கிறது.

இன்னொன்று, இதை மட்டும் நிறுத்திப் படியுங்கள். பிள்ளை நாள் கணக்கில் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்றோ நடிப்பு என்றோ சொல்லாதீர்கள். "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால் திட்டாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். எனக்கும் போன் செய்யுங்கள், ராத்திரி என்று பார்க்க வேண்டாம். முடிவு வருகிற அன்று அம்மாவோ அப்பாவோ ஒருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். ஒரு பாடம் போனாலும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம். இதை முடிவு வந்த பிறகு சொல்வதைவிட இப்போதே ஒருமுறை சொல்லி வைப்பது நல்லது.

சரி, இனி உங்கள் வேலைக்கு வருகிறேன்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை அறுவடை முடிந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் போனால் வாசல் வரை வரிசை நிற்கும். தாத்தா பாட்டி முதல் கூடப்பிறந்தவர்கள் வரை வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால்தான் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கிடைக்கும், அதுவும் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

கல்லூரிப் பேச்சை மார்ச் வரை தள்ளி வைக்கச் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. நீட் தேர்வுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிற கெடு பொதுத் தேர்வு முடிவதற்குள்ளேயே முடிந்துவிடும். நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் நம் திருவாரூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு அது பஸ்ஸில் போகும்போது பார்க்கிற பெயர்ப்பலகை மட்டும்தான். அங்கே இளநிலை சேர க்யூட் எழுத வேண்டும் என்ற விவரமே பாதி வீடுகளுக்குத் தெரியவில்லை. விருப்பம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், ஹைடெக் லேபிலேயே விண்ணப்பித்துத் தருகிறோம். விண்ணப்பித்ததோடு சரி, அதைப் பற்றித் தினமும் பேச வேண்டாம்.

மொத்த மதிப்பெண் 600-க்கு எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் அந்த எண்ணை வைத்துக் கட்-ஆஃப் போடுவதில்லை. கணிதம் 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50, ஆக 200-க்குத்தான் கட்-ஆஃப். தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்த மதிப்பெண் கட்-ஆஃபில் சேராது. 560 எடுத்த பிள்ளையைவிட 530 எடுத்த பிள்ளை முன்னால் நிற்பது நடக்கக்கூடியதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மொத்தத்தோடு ஒப்பிட்டு ஏசுவதில் கணக்குக்கூடச் சரியாக வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. தேர்வு முடிந்த வாரத்திலிருந்தே ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கிற அன்று பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் கார் நிறுத்திக் காத்திருப்பார்கள். பை கொடுப்பார்கள், பேனா கொடுப்பார்கள், "கவுன்சிலிங் எல்லாம் எதுக்கு, இப்பவே சீட் போட்டுடலாம்" என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் நம் மாணவன் ஒருவன் அப்படித்தான் ஒரு கல்லூரியில் மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிற இடத்தில், சேர்ந்தான். அவனுடைய கட்-ஆஃபுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல இடமே கிடைத்திருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கலந்தாய்வு வழியாக அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் போனவனுக்கு அது இல்லை, முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. அவன் அப்பா ஒரு மா நிலத்தை (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அடகு வைத்துத்தான் முதல் வருடக் கட்டணம் கட்டினார். வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தபோது அசல் சான்றிதழ்கள் கல்லூரியின் கையில் இருந்தன. அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்புவதைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாதீர்கள். அவர் போன் எண்ணையும் கொடுக்காதீர்கள், ஓடிபி அதற்குத்தான் போகும். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். கணினி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், கிடைக்கிற முதல் இடத்தில் நிற்கும். அதனால் கிடைக்காது என்று தோன்றினாலும் ஆசைப்பட்ட கல்லூரியை முதலில் எழுதுவதில் நஷ்டமே இல்லை. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும், பெயரைப் பார்க்காமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். நேரில் போனால் முகப்பையும் நீரூற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எதிரே டீக்கடையில் நிற்கிற மாணவர்களிடம், லேப் ஒழுங்காக நடக்கிறதா, ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் இன்ஜினியரிங்தான் போக வேண்டும் என்றும் இல்லை. திருவாரூரிலும் மன்னார்குடியிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கலை அறிவியல், பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பஸ் செலவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ள, பக்கத்துல இருந்தா போதும்" என்று வருடா வருடம் கேட்கிறேன். பையனுக்குச் சென்னை, கோயம்புத்தூர் என்றால் உடனே சரி என்கிறீர்கள். அவனைவிட அதிகக் கட்-ஆஃப் எடுத்த அக்காவை மட்டும் வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் தேடுகிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, நானும் பெண்ணைப் பெற்றவள்தான். விடுதியை நேரில் போய்ப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், வேண்டுமானால் நானும் கூட வருகிறேன். பார்க்காமலே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வேலை நாளில் வைத்தால் ஒரு நாள் கூலி போகும் என்று நீங்கள் சொன்னதால்தான் ஞாயிறு. ரேஷன் கார்டு, ஆதார் நகல்களைக் கொண்டு வந்தால் இ-சேவை விண்ணப்பத்தை அங்கேயே சரிபார்த்துத் தருகிறோம். அம்மா அப்பா இருவரில் யார் வந்தாலும் சரி. திருப்பூரில் வேலையில் இருக்கிறவர்கள் வர முடியாவிட்டால் வகுப்பாசிரியருக்கு வீடியோ காலில் பேசலாம்.

அந்த மாணவியின் அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "நான் ஒண்ணும் திட்டுனதில்லையே டீச்சர்" என்றார். திட்டவில்லை என்பது உண்மைதான். வேதியியல் திருப்புதல் தேர்வு அன்று சைக்கிளில் அவரே கொண்டு வந்து விட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் வயலுக்குப் போனார். அன்றைக்கு அவள் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: ஞாயிறன்று உங்கள் வயலுக்கு மெஷின் வருவதாக இருந்தால் அதை விட்டுவிட்டு வர வேண்டாம். திங்கள் சாயங்காலம் ஆறு மணி வரை நான் பள்ளியில்தான் இருப்பேன்.