பழைய கடவுச்சீட்டோடு புதிய வாழ்க்கைக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மணமுறிவுக்கான நீதிமன்றத் தீர்ப்பு கைக்கு வந்துவிட்டது, வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. ஆனால் உன் கடிதத்தின் பெரும்பகுதி பயணத்தைப் பற்றி அல்லாமல், குடியுரிமையைப் பற்றி உன்னைச் சுற்றியிருப்பவர்கள் சொன்ன பேச்சுகளாலேயே நிறைந்திருந்தது. “போவதென்றால் முழுதாகப் போய்விடு, அங்கே குடியுரிமைக்குத் தகுதி வந்த அன்றே விண்ணப்பித்து, இங்குள்ளதைக் கைகழுவு, ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக இருந்தால் எங்கும் நிலைக்க மாட்டாய்” என்று பலரும் உனக்கு அறிவுரை கூறியிருக்கிறார்கள். பிறந்த நாட்டின் குடியுரிமையை விட உனக்கு மனமில்லை. அப்படி மனமில்லாமல் இருப்பது கோழைத்தனமோ என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள்கிறாய். அது கோழைத்தனம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த நாட்டின் கடவுச்சீட்டோடு அயல்நாட்டில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குவது என்றால் என்ன? நீ எந்த ஊரில் கண்விழிக்கிறாய், யாரோடு சேர்ந்து உழைக்கிறாய், நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுகிறாய் என்பவைதாம் அதைத் தீர்மானிக்கின்றன. இது என் உணர்ச்சியால் மட்டும் சொல்வதில்லை. இரண்டு நாடுகள் ஒரே மனிதரைத் தத்தம் வரிக் கணக்கில் தம் நாட்டில் குடியிருப்பவராகக் கருதும் சிக்கல் எழும்போது, பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் மாதிரி வரி ஒப்பந்தம் முதலில் அவருக்கு நிலையான வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. இரண்டிலும் இருந்தால், அவருடைய சொந்த உறவுகளும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கிறது. அதன் பிறகு அவர் வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்று பார்க்கிறது. இம்மூன்றும் விடை தராமல் போனால்தான் குடியுரிமையைத் தொடுகிறது. வரி வசூலிக்கும் அரசுகளே வாழ்க்கையின் மையத்தை முன்னாலும் கடவுச்சீட்டைப் பின்னாலும் வைக்கும்போது, உன் உறவினர்கள் அதைத் தலைகீழாக்கி உன்னை வருத்த வேண்டியதில்லை.

உனக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1881இல் ஹாம்பர்க் நகரில் பிறந்த பிரெடரிக் நோட்டபோம் என்ற ஜெர்மானியர் 1905இல் குவாத்தமாலாவுக்குப் போனார். அங்கேயே வணிகமும் தோட்டங்களுமாக வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜெர்மன் குடியுரிமையோடே வாழ்ந்தார். 1939இல் போர் மூண்ட பிறகு, தம் உறவினர் ஒருவர் வசித்த லீக்டென்ஸ்டைன் நாட்டுக்குச் சென்று, அங்கு குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்று, கட்டணம் செலுத்தி அந்நாட்டுக் குடிமகனானார். அத்தோடு ஜெர்மன் குடியுரிமை போயிற்று. திரும்பவும் குவாத்தமாலாவிலேயே வாழ்ந்தார். 1943இல் அந்நாடு அவரைப் பகைநாட்டவராகக் கைது செய்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது, 1946 வரை அங்கே தடுப்புக் காவலில் இருந்தார், சொத்துகளும் பறிபோயின. அவருக்காக லீக்டென்ஸ்டைன் தொடுத்த வழக்கில் 1955 ஏப்ரலில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அவருக்கும் லீக்டென்ஸ்டைனுக்கும் இடையே உண்மையான பிணைப்பு இல்லை, ஆகவே அவர் சார்பில் குவாத்தமாலாவுக்கு எதிராக அந்நாடு வழக்காட முடியாது. குடியுரிமை என்ற சட்ட உறவுக்கு அடியில் வாழ்க்கை, நலன்கள், உணர்வு ஆகியவற்றின் மெய்யான தொடர்பு இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்வந்த சட்ட அறிஞர்கள் பலர் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. அந்த மனிதருக்கு நேர்ந்தது அநீதி என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் வாழ்வை வேரூன்றச் செய்தது ஒரு நாடு. ஆபத்துக்காக அவசரமாக வாங்கிய சான்று இன்னொரு நாட்டுடையது. தேவைப்பட்ட வேளையில் அந்தச் சான்று அவரைக் காக்கவில்லை. குடியுரிமையை மாற்றுவதென்றால் அதற்கு அடியில் வாழ்ந்த ஆண்டுகள் இருக்கட்டும். நீ இன்னும் அந்த மண்ணில் காலே வைக்கவில்லை.

இப்போது உன் கையில் இருப்பது என்ன என்று பார். தன் நாட்டிலிருந்து வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் சொல்கிறது. திரும்பி வரும் உரிமை குடிமக்களுக்கு உறுதியாக உண்டு. மற்றவர்களுக்கு அது விசாவின் தயவு. 2020இல் கொரோனா பரவியபோது ஜப்பான் தன் எல்லைகளை மூடிய விதம் இதைக் காட்டிற்று. ஏப்ரல் தொடக்கத்துக்குப் பிறகு அந்நாட்டை விட்டு வெளியே போன வெளிநாட்டினர், நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றிருந்தாலும், தனிப்பட்ட காரணங்கள் ஏற்கப்பட்டாலன்றிப் பல மாதங்கள் திரும்பி நுழைய முடியவில்லை; ஜப்பானியக் குடிமக்கள் நுழைந்தார்கள். பெற்றோரின் முதுமையை நினைத்து நீ கவலைப்படுகிறாய் அல்லவா? நெருக்கடி வேளையில் அவர்களிடம் போய்ச் சேர உனக்கு வலுவான உரிமை தருவது உன் பழைய கடவுச்சீட்டுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அயல்நாட்டில் நீ கைதாக நேர்ந்தால், உன் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை உனக்குத் தருகிறது. அந்நாட்டின் குடிமகளாகவும் ஆகிவிட்டாலோ, உன் பழைய நாடு அங்கே உனக்காகப் பேச முடியாது என்பது 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்ட பழைய மரபு.

ஆனால் இதற்கு விலை உண்டு, அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. குடிமகளாகாத வரை, பெரும்பாலான நாடுகளில் நாடாளுமன்றத் தேர்தலில் உனக்கு வாக்கு இல்லை. நியூசிலாந்து 1975 முதல் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் வாக்குரிமை தந்திருப்பது அரிய விதிவிலக்கு. நான் கட்டும் வரியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வதில் எனக்குக் குரலில்லை என்பது எனக்கு இன்றும் கனக்கிறது. ஆண்டுகள் கூடக் கூட அந்தக் கனம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கடுமையான குற்றத் தீர்ப்பு வந்தால் நாடு கடத்தப்படலாம். நிரந்தரக் குடியிருப்பு உரிமை என்ற பெயரில் ‘நிரந்தரம்’ இருந்தாலும், வெளியே தங்கினால் அது கரையும். கனடாவில் ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் அந்நாட்டில் இருந்தாக வேண்டும். பிரிட்டனில் காலவரையற்ற குடியிருப்பு அனுமதி இரண்டாண்டுகள் தொடர்ந்து வெளியே இருந்தால் காலாவதியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பு உரிமை, ஒன்றிய எல்லைக்கு வெளியே தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் இருந்தால் பொதுவாகப் போய்விடும். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர் மறுநுழைவு அனுமதி பெறாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் சிக்கல்தான். நீ போகும் நாட்டின் விதி எது என்பதைப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுத்தில் படித்து வைத்துக்கொள்.

காகிதங்களை எறியாதே. பிரிட்டனில் 1973க்கு முன் முறையாக வந்து குடியமர்ந்த கரீபிய நாட்டவர்கள், பல பத்தாண்டுகள் கழித்து, தாங்கள் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கொண்டுவரும்படி கேட்கப்பட்டார்கள். அவர்களின் வருகையைப் பதிவு செய்த பழைய அட்டைகளை அரசே 2010இல் அழித்திருந்தது. வேலையும் மருத்துவமும் இழந்தவர்கள் உண்டு; தவறாக நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2018இல் அந்த அநியாயம் வெளிச்சத்துக்கு வந்தது. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல் நகல் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்கி வை. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அவசரப்படாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சட்டங்கள் மாறுகின்றன. டென்மார்க் 2015இலும் ஜெர்மனி 2024 ஜூனிலும் பழைய குடியுரிமையை விடாமலே புதியதைப் பெற வழி திறந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பழையதைத் துறந்து குடிமக்களானவர்கள், பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததைத் தாங்கள் இழந்துவிட்டதைக் கண்டார்கள். இந்தியா, ஜப்பான், சிங்கப்பூர் போன்ற நாடுகள் இன்றும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியச் சட்டத்தின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுகிறவருடைய இந்தியக் குடியுரிமை அந்தக் கணமே முடிந்துவிடும். ஆகவே இரண்டு நாடுகளின் சட்டங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று அனுமதிப்பதை மற்றது தடுக்கலாம். எது எப்படியானாலும், புதியது கைக்கு வரும் முன்போ, வரும் என்ற எழுத்துறுதி இல்லாமலோ பழையதைத் துறக்காதே. நடுவில் எந்த நாட்டுக்கும் உரியவளாக இல்லாமல் நிற்கும் நிலை மிகக் கொடியது.

நாளை உன் நிலை மாறலாம். அங்கே குழந்தை பிறக்கலாம், பிறந்த நாட்டோடு உறவு அறுபடலாம், வாக்கில்லாமல் வாழ்வது உனக்குத் தாங்க முடியாததாகலாம். அப்போது புதிய குடியுரிமையை ஏற்றுக்கொள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது நீ வாழ்ந்த ஆண்டுகளிலிருந்து பிறந்த முடிவாக இருக்கும். இன்று உன்னை அவசரப்படுத்துவது உன் வாழ்க்கை அல்ல, பிறர் வாய்.

புறப்படும் முன் மூன்று வேலைகளை முடித்துவிடு. மணமுறிவுத் தீர்ப்பு, பிறப்புச் சான்று, பட்டச் சான்று ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் அரசுச் சான்று, வாங்கு. நீ போகும் நாடும் உன் நாடும் 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும், இல்லாவிட்டால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும். அங்கே போன பிறகு தொலைவிலிருந்து இதைச் செய்வது பெரும் தலைவலி. கடவுச்சீட்டில் எஞ்சியிருக்கும் காலம் குறைவாக இருந்தால் ஊரிலேயே புதுப்பித்துக்கொள். திருமணத்துக்குப் பின் மாற்றிய பெயர் எந்த ஆவணத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒரு பட்டியல் எழுதி, ஒப்பந்த நகலோடு எனக்கு அனுப்பு. விசா விண்ணப்பத்தில் எந்தப் பெயரைப் போடுவது என்பதை இந்த வாரமே சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் அண்ணன்