ஓடும்போது பனியன் வேண்டாம், மாப்ளே

ஸ்கார்பரோ, டொராண்டோ, கனடா
நவம்பர் 23

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. கட்டில் மேல் பரப்பி வைத்திருக்கிற சாமான்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்காரியும் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. ஊட்டியில் வாங்கிய கனத்த ஸ்வெட்டர் இரண்டு, தோல் ஜாக்கெட், மங்கி குல்லா, ஆறு ஜோடி காட்டன் சாக்ஸ், உன் கம்பெனி பனியன் ஒரு டஜன். பேரனைப் பார்க்க ஜனவரியில் வருகிறாய், வந்த இடத்திலும் காலை ஓட்டத்தை விடமாட்டேன் என்கிறாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தக் கட்டிலில் இருப்பதில் ஓட உதவுவது ஒன்றே ஒன்றுதான். எது என்று பிறகு சொல்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே வந்த முதல் டிசம்பரில் நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு உடுப்பைப் பற்றி யார் என்ன சொல்லித் தருவது என்ற திமிர். வெளியே மைனஸ் 9. உள்ளே இரண்டு பனியன், மேலே காட்டன் ஸ்வெட்ஷர்ட், அதற்கு மேல் இன்னொன்று, கீழே காட்டன் டிராக் பேன்ட். வாசலில் நிற்கும்போது அடுப்பங்கரையில் நிற்கிற மாதிரி கதகதப்பாக இருந்தது. இவ்வளவுதானா உங்கள் குளிர் என்று கிளம்பிவிட்டேன். நாலு கிலோமீட்டர் வரைக்கும் ராஜா மாதிரி ஓடினேன். முதுகில் வியர்வை வழிந்தது. அப்போது ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து, கையுறையைக் கழற்றி, கட்டி, நிமிர்வதற்குள் இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஐஸ்கட்டியாகக் குளிர ஆரம்பித்தது. திரும்ப ஓடலாம் என்றால் பல் கிட்டுகிறது, கால் வரவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது ஸ்வெட்ஷர்ட்டின் கைப்பகுதி அப்பளம் மாதிரி மொறமொறத்தது. வீட்டுக்காரி சாவித் துவாரத்தில் சாவியை நுழைக்கத் தெரியாத ஒரு ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

அன்றைக்கு என்னைப் பிடித்தது குளிரைவிட வியர்வைதான். இந்த ஊரில் ஓடுகிறவர்கள் குளிருக்குப் பயப்படுவதைவிட நனைவதற்குத்தான் பயப்படுவார்கள். ஈரம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்திவிடும். உனக்கு இதைத் தொழில் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். மாய்ஸ்சர் ரீகெய்ன், அதாவது காய்ந்த நார் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்கிற ஈரம், பருத்திக்கு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு வெறும் 0.4. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் அது வரம், இங்கே அதுவே வினை. பாலியஸ்டர் குடிக்காது. நூலிழைக்கு இடையில் ஈரம் ஊர்ந்து வெளிப்பக்கம் போய்விடும். கம்பளி உன் கணக்கைக் குழப்பும். அதற்கு ரீகெய்ன் 16 பக்கம், பருத்தியைவிட இரட்டிப்பு. ஆனால் அது ஈரத்தை நாருக்கு உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. நார் சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் படுத்துவிடாமல் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் மெரினோ ஆட்டுக் கம்பளிக்கு இங்கே இவ்வளவு மவுசு. இழை மெல்லியது, ஊட்டி ஸ்வெட்டர் மாதிரி அரிக்காது. இரண்டு மூன்று நாள் துவைக்காமல் போட்டாலும் நாறாது. பாலியஸ்டர் ஒரே நாளில் நாறும், அதை மறைத்துப் பயனில்லை. விலைதான் கொடுமை, ஒரு முழுக்கைச் சட்டைக்கு 100 டாலர் கேட்பார்கள். நீ வாங்காதே, என்னிடம் மூன்று இருக்கிறது.

சரி, எப்படி உடுத்துவது? வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் ஒரு துணி அதிகமாகப் போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். லேசாக நடுங்க வேண்டும். ‘ஐயோ, உள்ளே போய் இன்னொன்று போட்டுக்கொண்டு வரலாமா’ என்று தோன்ற வேண்டும், தோன்றியும் போகக் கூடாது. பத்தாவது நிமிடத்தில் உடம்பே அடுப்பாகிவிடும், அந்த நிமிடத்துக்குத்தான் உடுத்த வேண்டும். வெளியே 0 என்றால் 10 டிகிரி என்று நினைத்து உடுத்து என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. நான் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன். நீ கொஞ்சம் மெதுவாக ஓடுகிறவன், கோபித்துக்கொள்ளாதே, உனக்கு 7 என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய முழுக்கை. அதற்கு மேல் கழுத்தில் பாதி ஜிப் வைத்த, உட்பக்கம் பிரஷ் பண்ணிய துணி. நீங்கள் ஏற்றுமதிக்கு அடிக்கிற ஃப்ளீஸ்தான், ஆனால் அந்த 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) கனமெல்லாம் ஆகாது, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கிற ஒரு மெல்லிய விண்ட்பிரேக்கர், சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். மைனஸ் 5 வரைக்கும் நடுவில் இருப்பது தேவைப்படாது. அந்த ஜிப்பை அலட்சியமாக நினைக்காதே. மேட்டில் ஏறும்போது இறக்கு, இறங்கும்போது ஏற்று. ஜன்னலைத் திறந்து மூடுகிற மாதிரிதான். உன் தோல் ஜாக்கெட் காற்றை விடாது, வியர்வையையும் விடாது. அதைப் போட்டுக்கொண்டு பாப்பா வீட்டு விசேஷத்துக்குப் போ.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே ரேடியோவில் இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று வெப்பநிலை, இன்னொன்று ‘விண்ட்சில்’, அதாவது காற்றும் சேர்ந்தால் தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 20 என்பார்கள். இந்தக் கணக்கின் கதை எனக்குப் பிடிக்கும். அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை வைத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காற்றில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். 1945-ல் அதை வெளியிட்டார்கள். பல வருடம் உலகம் அதை வைத்தே ஓட்டியது. 2001-ல்தான் நம் டொராண்டோவிலேயே ஆட்களைக் குளிர்க் காற்றுச் சுரங்கத்தில் டிரெட்மில்லில் நடக்கவிட்டு, முகத்தில் கருவி ஒட்டிப் பார்த்துப் புதுக் கணக்குப் போட்டார்கள். காசு கொடுத்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

அதனால் ஓட்டத்தின் முதல் பாதி எப்போதும் எதிர்காற்றில் இருக்க வேண்டும். உடம்பு காய்ந்திருக்கும்போது காற்றைச் சந்தித்துவிட்டு, நனைந்த பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பு. ஏரிக்கரைப் பாதையில் இதை மாற்றிச் செய்தவன் ஒருமுறைக்கு மேல் செய்யமாட்டான்.

கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம், மிட்டன் போட வேண்டும். கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நாலு விரலும் கூட்டுக் குடித்தனம். ஒன்றின் சூட்டில் இன்னொன்று பிழைத்துக்கொள்ளும். மிட்டனின் பின்பக்கம் மெத்தென்று ஒரு துணி தைத்திருப்பார்கள். எதற்கு என்று கேட்காதே, பத்து நிமிடம் ஓடினால் உன் மூக்கே சொல்லும்.

இப்போது அந்த ஒன்றே ஒன்று. உன் மங்கி குல்லா! மார்கழியில் அதை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற பெரியவர்களைப் பார்த்து நாம் சிரித்தோமே, அதற்கெல்லாம் இங்கே சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மைனஸ் 15-க்குக் கீழே அதைத்தான் தேடுவேன். காது, கன்னம், தாடை எல்லாம் மூடி, மூச்சு விடுகிற காற்றையும் கொஞ்சம் சூடாக்கித் தரும். என்ன, வாயருகே மூச்சு பட்டுப் பட்டு ஈரமாகி உறைந்துவிடும், அவ்வப்போது கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். இமை மயிரில் வெள்ளைப் பூ பூத்துவிடும், கண்ணாடியில் பார்த்துப் பயப்படாதே.

தங்கச்சி இந்தக் கடிதத்தைப் படிப்பாள் என்று தெரியும், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1977-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் 53 வயது டாக்டர் ஒருவரைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. நியூஜெர்சியில் பூங்காவில் மாலை ஓடப் போனவருக்கு, மெல்லிய துணியோடு போனதால், எந்த இடத்தில் உறையக் கூடாதோ அந்த இடம் உறைய ஆரம்பித்துவிட்டது. அதனால் முன்பக்கம் காற்றுத் தடுப்பு வைத்துத் தைத்த உள்ளாடை இங்கே கடையில் கிடைக்கிறது. வந்தவுடன் நாம் வாங்குகிற முதல் சாமான் அதுதான்.

காலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தொடை பெரிய தசை, தானே சூடாகிவிடும், ஒரு டைட்ஸ் போதும். சாக்ஸ் மட்டும் கம்பளியில் ஒரே ஒரு ஜோடி. இரண்டு போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். குளிரைவிடத் தரைதான் ஆபத்து. கண்ணுக்கே தெரியாத ஐஸ் படலம் ரோட்டில் இருக்கும், ஈரம்தானே என்று கால் வைத்தால் அண்ணாந்து வானம் பார்ப்பாய். ஷூவுக்கு மேல் மாட்டுகிற முள் சங்கிலி ஒன்று இருக்கிறது, அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் ஏழே முக்கால் வாக்கில்தான் சூரியன் உதிக்கும், ஆகவே அஞ்சு மணிக்கு எழுந்து கதவைத் தட்டாதே. எட்டு மணிக்குக் கிளம்பலாம். போனை உள்சட்டையில் உடம்போடு வைத்துக்கொள், வெளிப் பாக்கெட்டில் வைத்தால் பேட்டரி திடீரென்று செத்துவிடும்.

விண்ட்சில் மைனஸ் 28-ஐத் தொட்டால் ஓட்டம் கிடையாது. திறந்திருக்கிற தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்று இங்குள்ள அரசாங்கமே சொல்கிறது. கன்னத்தில் எங்காவது மரத்துப்போய் வெளுத்துத் தெரிந்தால் தேய்க்கக் கூடாது, உள்ளே வந்து மெதுவாகச் சூடுபடுத்த வேண்டும். அந்த மாதிரி நாளில் மால் உள்ளே நடப்போம், நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் அங்கேதான் சுற்றுகிறார்கள். அப்புறம், நீ பிரஷருக்கு மாத்திரை போடுகிறவன். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், இதயத்துக்கு வேலை அதிகம். கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா. கேட்டேன் என்று பொய் சொல்லாதே, தங்கச்சியிடம் விசாரிப்பேன்.

சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் ஓடி முடித்து டீக்கடை வாசலில் அரைமணி நேரம் அரசியல் பேசுவோமே, அது மட்டும் இங்கே நடக்காது. ஓட்டம் நின்ற ஐந்து நிமிடத்துக்குள் ஈரத் துணியைக் கழற்றிவிட வேண்டும். அரசியலை வீட்டுக்குள் பேசலாம், இஞ்சி டீ நான் போடுகிறேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். என் இடது முட்டி இன்னும் முணுமுணுக்கிறது. இருந்தும் மார்ச்சில் ஹாமில்டன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 30 கிலோமீட்டர், விரிகுடாவைச் சுற்றி. 1894-லிருந்து நடக்கிறது, பாஸ்டன் மாரத்தானுக்கே மூத்தது. அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றால் பனியில் ஓடாமல் வேறு வழியில்லை, அதனால் நீ வருவது எனக்குத்தான் லாபம். நம் ஊர் நஞ்சராயன் குளத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்த செய்தியைப் படித்தபோது உன் நினைவுதான் வந்தது. நாம் ஓடிப் போய் மூச்சு வாங்க உட்காருவோமே, அந்தக் கரையில் இப்போதும் கூழைக்கடா வருகிறதா? போய்ப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பு.

ஸ்வெட்டரையும் காட்டன் சாக்ஸையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடு. அந்த ஒரு டஜன் பனியனை மட்டும் எடுக்காதே. ஜூலையில் இங்கே 30 டிகிரியைத் தாண்டும், இந்த ஊர்க் கடையில் விற்கிற உள்பனியன் இரண்டு துவைப்பில் தொளதொளத்துவிடுகிறது. எனக்கு இன்னும் 95 சைஸ்தான். சரி, 100 கொண்டு வா.

உன்,
குமரேசன்