அந்தப் படிவத்தில் "ஆம்" என்று எழுது, மகன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சின்னம்மாவின் மகன் வெள்ளிக்கிழமை லண்டனுக்குப் பயணம். பார்சலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்றுவிட்டு சின்னவளின் கையில் போனைக் கொடுத்துவிடுவாய். கடிதத்தை அப்படி மாற்றிக் கொடுக்க ஏலாது.

நீ மரதன் ஓடப்போவதை மருமகள் சொல்லித்தான் அறிந்தேன். அவளைக் கோபிக்காதே. படத்தில் உன் கன்னம் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, சீனி வருத்தம் ஏதும் வந்துவிட்டதா என்று நான்தான் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். மார்கழிக் குளிரிலும் விடிய முதல் எழும்பி ஓடினாயாமே. இங்கே ரியூஷனுக்கு எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்த பிள்ளையா இது என்று சிரித்தேன். சந்தோஷம்தான். பக்கத்து வீட்டு ரீச்சரிடமும் சொல்லிவிட்டேன். அவ ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டா.

நம்முடைய கழகம் சித்திரை வருஷத்துக்கு வைக்கிற மரதன் மாதிரி ஏதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் ஓடுகிற பெடியன்கள் முடித்துவிட்டு வழுக்குமரம் பார்க்கவும் வந்து நிற்பார்கள். சின்னவள்தான் கணக்குச் சொன்னாள்: "42 கிலோமீட்டர் அப்பம்மா, அதற்கு மேலே 195 மீட்டர்." 1908இல் உங்கள் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் வைத்த தூரமாம் அது. வின்ட்சர் கோட்டையிலிருந்து மைதானம் வரை. முதலாவதாக வந்த இத்தாலிக்காரர் டொராண்டோ பியெற்றி மைதானத்துக்குள் வந்து திரும்பத் திரும்ப விழ, தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்ட வைத்தார்களாம். உதவி வாங்கியவருக்குப் பரிசு இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார்களாம். சின்னவள் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கிழமை கல்முனைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். அலுவல் ஒன்றுமில்லை, தூரம் பார்க்கத்தான். பட்டணத்திலிருந்து கல்முனை மட்டும் என்றால் ஏறக்குறைய உன் தூரம். பாலம் கடந்து காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா வரை உற்சாகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். கிரான்குளத்தில் நித்திரை வந்துவிட்டது. செட்டிபாளையத்தில் முழித்தால் இன்னும் பாதியும் போகவில்லைப் போலிருந்தது. பிறகு களுதாவளை, களுவாஞ்சிகுடி, அங்கால் இரண்டு கல்லாறு, நீலாவணை, மருதமுனை. இறங்கியபோது பஸ்ஸில் இருந்து வந்த எனக்கே இடுப்பு உளைந்தது.

30 கிலோமீட்டர் தாண்டித்தான் ஓட்டக்காரருக்குச் சோதனை என்கிறார்கள். ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த மாச்சத்து முடிந்து, கால் கல்லாகிவிடுமாம். என் கணக்கில் அது களுவாஞ்சிகுடிப் பக்கம். அங்கே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. உன் பாதையில் அந்த இடம் கனரி வோர்ஃப் கட்டடங்களுக்குள் வருகிறதாம், அங்கே என்ன இருக்கிறது? சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ்காரர் வழி நெடுக நிற்பார்கள் என்று மருமகள் சொன்னாள். ஏதும் ஒரு மாதிரி இருந்தால் வெட்கப்படாமல் அவர்களிடம் போ. மெடல் எல்லாம் பிறகு.

மாமாவின் வயல் பெரும்போகம் பரவாயில்லை. மச்சாளின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது, அதை வேறாக எழுதுகிறேன்.

சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டத்தன்று புதுச் சப்பாத்துப் போடாதே, புதுக் காலுறையும் வேண்டாம். நான் உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் நடந்த வருடம், குமண காட்டுக்குள் எத்தனை பேரின் காலுக்கு மருந்து கட்டினேன் தெரியுமா? முதல் நாள் வேகமாகப் போனவர்களுக்குத்தான் கொப்பளம். கிழவிகள் அரோகரா சொல்லிக்கொண்டு ஒரே சீராக நடந்து முன்னுக்குப் போய்விட்டார்கள். நீயும் தொடக்கத்தில் சனத்தோடு சேர்ந்து பாயாதே. நகத்தை ஒட்ட வெட்டிவிடு. உரசுகிற இடமெல்லாம் வாஸ்லின் பூசு.

தண்ணீர் குடி, குடி என்று நான் எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். தாகத்துக்குக் குடி, அவ்வளவுதான். மெல்ல ஓடுகிறவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்துக் குடித்து, இரத்தத்தில் உப்பு இறங்கி, மயங்கி வலிப்பு வந்து விழுவதும் நடக்கிறது. பார்சலில் ஜீவனி, அதுதான் உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள், பக்கெற்றுகள் வைத்திருக்கிறேன். அதை ஓடி முடிந்த பிறகு, பக்கெற்றில் போட்ட அளவுத் தண்ணீரிலேயே கரைத்துக் குடி. முழங்கால் நோகிறது என்று ஓட முதல் வோல்ட்டரன் மாதிரி நோக்குளிசை போடாதே, சிறுநீரகத்துக்குக் கூடாது. காய்ச்சல், தடிமன் என்றால் அந்தக் கிழமை ஓட்டமே வேண்டாம். காய்ச்சலோடு ஓடினால் அந்தக் கிருமி இருதயத் தசையில் இறங்கலாம். கடைசி இரண்டு மூன்று கிழமை ஓட்டத்தைக் குறைப்பார்களாமே, குறை. விட்ட ஓட்டத்தை எல்லாம் அப்போது பிடிக்கப் பார்க்காதே.

டொக்டரிடம் போனாயா?

போகவில்லை என்று எனக்குத் தெரியும். மருமகள் நேரம் எடுத்துத் தந்தால் வேலை என்கிறாய், ஓட்டம் என்கிறாய், பேச்சை மாற்றுகிறாய். அங்கே 40 வயது கடந்தவர்களை ஐந்து வருடத்துக்கு ஒருதரம் காசில்லாமல் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கே எங்கள் சனம் கிளினிக்கில் விடியப்புறம் போய் நம்பர் எடுத்து மத்தியானம் வரை காய்ந்து கிடக்கிறது. உனக்கு வீடு தேடிக் கடிதம் வருகிறது, அதைக் குளிர்ப்பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறாயாம்.

பிரஷரும் கொலஸ்ட்ரோலும் பார்த்து அனுப்பினால் போதாது. படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜி சுத்தமாக இருக்கும். அதை நம்பி வீட்டுக்குப் போய், மறுகா வார்டுக்கு வந்தவர்களை நான் கண்டவள். ஓடவிட்டு எடுக்கிற ஈசிஜி இருக்கிறது, இல்லாவிட்டால் வேறு ஸ்கான் இருக்கிறது, எது தேவை என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் நீ சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். படிவத்தில் ஒரு கேள்வி வரும், தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 60 வயதுக்கு முதல் இருதய வருத்தம் இருந்ததா என்று. "ஆம்" என்று எழுது. வயதையும் எழுது.

ஆடி வந்தால் உனக்கு 46.

மண்முனைப் படகுத்துறையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. 2014இல் பாலம் திறந்தபோது ஊரே பார்க்கப் போனது, நான் போகவில்லை. நீ லண்டனில் இருந்து போன் எடுத்து ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அதைப்போலவே இதையும் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நாளும் பார்த்தேன்.

ஓட்டத்திலோ வீட்டிலோ நெஞ்சு எரிந்தால், இடது தோள் உளைந்தால், தாடை இறுகினால், குளிர்வேர்வை வந்தால், வாய்வு என்று சோடா வாங்கிக் குடிக்காதே. ஒள்ளுப்பம் படுத்தெழும்பினால் சரிவரும் என்று வரம்பில் போய்ப் படுக்காதே. ஒருவருக்கும் சொல்லாமல் பொழுதுபடும் வரை இருக்காதே. உடனே நில். பக்கத்தில் யார் நின்றாலும் அவரிடம் சொல்.

பெனியனில் அப்பாவின் பெயரைப் போட்டு ஓடப்போகிறாயாமே. இருதய வருத்தக்காரருக்குக் காசு சேர்க்கிறாயாமே. இதையும் நீ எனக்குச் சொல்லவில்லை. கேட்டவுடன் போனை வைத்துவிட்டேன், மருமகள் பயந்துபோயிருப்பாள். அப்பா ஓடி நான் கண்டதில்லை மகன். சந்திக்கடையில் தீப்பெட்டி வாங்கவும் அவருக்குச் சைக்கிள் வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் தகப்பன்மாருக்கு ஓட்டம் வைத்தபோது, வேட்டி அவிழும் என்று சொல்லிப் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றவர். அவர் பெயர் லண்டன் றோட்டால் 42 கிலோமீட்டர் ஓடப்போகிறது. பெயரைப் போடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்துப் பிழையில்லாமல் தமிழிலும் போடு. அந்தப் பெயரைப் பெனியனில் எழுத முடிந்தவனுக்கு, டொக்டரின் படிவத்தில் எழுத மட்டும் ஏன் கை வரவில்லை?

ஓடாதே என்று நான் சொல்லவில்லை. ஓடுவது நல்லது, சும்மா கதிரையில் இருப்பவனைவிட ஓடுகிறவனின் நெஞ்சு பலம். இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் மிஸி (தாதி) வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? பார்த்துவிட்டு ஓடு என்கிறேன். பார்த்து, அவர்கள் "ஓடு" என்று சொன்னால் நான் மாமாங்கத்தில் தேங்காய் உடைத்துவிட்டு ரீவிக்கு முன்னால் குந்துகிறேன். "இந்த வருடம் வேண்டாம்" என்று சொன்னால் அடுத்த வருடம் ஓடு. சேர்த்த காசை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

பார்சலில் மாசிச் சம்பல், கச்சான், குரக்கன் மா, சின்னவளுக்குச் சட்டை இருக்கிறது. சம்பலை ஓட்டத்துக்கு முதல் நாள் தொடாதே, வயிற்றைக் கலக்கும். அன்றைக்குச் சோறும் வாழைப்பழமும் போதும். பழகாத சாப்பாடு ஒன்றும் வேண்டாம்.

நீங்கள் காலை பத்துக்குத் தொடங்கினால் இங்கே பின்னேரம் இரண்டரை. ஐந்து மணித்தியாலம் என்று வைத்தாலும் ஏழரைக்கு முடிந்துவிடும். முடிந்ததும் நீயே போன் எடு, மருமகளை எடுக்க விடாதே, உன் குரல்தான் வேண்டும். எட்டரை வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு நான் எடுப்பேன்.

ஆனால் அதற்கு முதல், டொக்டரிடம் போகிற திகதியை வட்ஸ்அப்பில் அனுப்பு. குளிர்ப்பெட்டியில் இருக்கிற அந்தக் கடிதத்தையும் படம் பிடித்து அனுப்பு, நானும் வாசிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா