அத்தைமாரைக் கணக்கில் சேர்க்காத கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அக்டோபர் இதழில் வெளியான மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கட்டுரையில், ‘தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திராத பெண்கள் பரம்பரையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை’ என்றொரு வாக்கியம் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பழுதுபட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணுக்களில், பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமிலும் பிஆர்சிஏ2 மரபணு 13ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இவை பாலினக் குரோமோசோம்கள் அல்ல என்பதால், பழுதுபட்ட மரபணு தாயிடம் இருந்தாலும் தந்தையிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. இது தாங்கள் அறியாததல்ல. பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு இருக்கும் இடமாக அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 17ஆம் குரோமோசோமைச் சுட்டிக்காட்டியது 1990இல். பிஆர்சிஏ1 கண்டறியப்பட்டது 1994இல். இத்தனை காலம் கழித்தும் தந்தை வழியை ஒரு தமிழ்ப் பத்திரிகை விட்டுவிடலாமா?

என் தங்கைக்கு நாற்பது வயது நிறையுமுன் இந்நோய் வந்தது. அம்மாவுக்கோ அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டிலோ ஒருவருக்கும் இல்லை. ஆனால் அப்பாவின் அக்கா மார்பகப் புற்றுநோயிலும், சின்ன அத்தை சினைப்பைப் புற்றுநோயிலும் இறந்தவர்கள். மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் தாய், சகோதரி, மகள் என்று மூன்று கட்டங்களே இருந்தன. தங்கை இரு அத்தைமாரின் நோயையும் தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதிக் கொடுத்தாள். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னர் வேறொரு மருத்துவர் குடும்ப வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டுப் பரிசோதனைக்கு அனுப்பியபோதுதான், பிஆர்சிஏ1 பழுது அவளிடமும் எங்கள் அப்பாவிடமும் இருப்பது தெரிந்தது. அதுவரை சொந்தக்காரர்கள் அம்மாவின் முகத்துக்கு நேரே, ‘உன் பிறந்த வீட்டுச் சீக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழிச்சொல்லுக்குத் தங்கள் கட்டுரை அச்சு வடிவில் சான்று தந்துவிட்டது.

இந்த ஒரு கட்டுரையோடு என் வருத்தம் நிற்கவில்லை. ஆண்டுதோறும் அட்டையை இளஞ்சிவப்பாக்கும் தாங்கள், பிஆர்சிஏ1 பழுது உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு எண்பது வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்பதை ஒருமுறையேனும் எழுதியதுண்டா? பிஆர்சிஏ2 பழுது உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்று சொன்னதுண்டா? முன்பு இதே பகுதிக்கு நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு பதில் அட்டைகூட வரவில்லை. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையால் வருபவை 5 முதல் 10 சதவீதமே என்பதையும், பழுது இருந்தாலே நோய் நிச்சயம் என்று பொருளல்ல என்பதையும் நானும் அறிவேன். ஆனால் அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் இருக்கும் குடும்பங்களும் தங்கள் வாசகர்களே.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், தந்தை வழி அத்தை, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா ஆகியோருக்கு வந்த புற்றுநோயையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும் என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.