ஓடுமுன் குனிந்து நிற்பதால் பயன் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்கியிருக்கும் இவ்வேளையில், பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள விரும்புகிறேன். மாணவர்களைத் திடலில் வரிசையாக நிறுத்தி, முழங்கால் மடங்காமல் குனிந்து கால் பெருவிரலைத் தொடச் செய்து, நான் முப்பது எண்ணி முடிக்கும்வரை அசையாமல் நிற்க வைத்து, அதே சூட்டோடு நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அனுப்பியவன் நான். 'அதே சூட்டோடு' என்று எழுதும்போதே பிழை தெரிகிறது. அந்தப் பிள்ளைகளின் உடலில் சூடு ஏறவே இல்லை.

ஆடுமுன் உடலைச் சூடேற்றும் வெதுப்பல் பயிற்சியும் தசையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றே என்று அன்று நினைத்திருந்தோம். இன்றும் மாலை வேளைகளில் திடல்களைக் கடந்து போகும்போது அதே காட்சியைக் காண்கிறேன். ஆனால் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 வீரர்களை இரு பிரிவாக்கி 12 வாரம் கவனித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினரும் உடலை வெதுப்பிக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாகக் கால் தசைகளை ஒவ்வொன்றாக 20 விநாடி நீட்டிப் பிடித்தார்கள். காயமடைந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. மறுநாள் வரும் உடல்வலியையாவது அது தடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 100 புள்ளி அளவுகோலில் வலி குறைந்தது ஏறத்தாழ ஒரு புள்ளிதான். மேலும், ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே ஓடினாலோ குதித்தாலோ, அத்தசையின் வலு சிறிது நேரத்துக்குச் சில விழுக்காடு குறைகிறது. விரைவோட்டத்தில் அந்தச் சில விழுக்காடுதான் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள தூரம்.

"நம் ஊர் வெயிலே போதாதா, இன்னும் எதற்கு வெதுப்பல்?" என்று கேட்கும் பெற்றோரையும் சந்தித்திருக்கிறேன். வெயில் சுடுவது தோலைத்தான். ஓய்ந்திருக்கும் கால் தசையின் வெப்பம், உடலின் உள்வெப்பமான 37 பாகை செல்சியஸைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போதுதான் உள்ளேயே வெப்பம் பிறக்கிறது, அதை நோக்கி ரத்தம் பாய்கிறது, நரம்பின் கட்டளை விரைந்து போய்ச் சேர்கிறது. அசையாமல் குனிந்து நிற்பதில் இவை எதுவும் நடப்பதில்லை. அதே வேளையில், கொளுத்தும் வெயிலில் அரைமணி நேரம் வெதுப்பினால் போட்டிக்கு முன்பே பிள்ளை சோர்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊருக்கு நிழலில் பத்து நிமிடம் போதும். குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குபவர் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களின் கதை இதைவிட மோசம். பூப்பந்து அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். எட்டு மணிக்கு முன்பதிவு என்றால், முந்தைய குழு எட்டு அடிக்கும்வரை வெளியேறாது; வெளியேறியதும், கொடுத்த வெள்ளி வீணாகக் கூடாதென்று மட்டையை உருவிக்கொண்டு பாய்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் பாய்ந்தேன். அதற்கு முன் சுவரில் கைவைத்து இரு கெண்டைக்கால்களையும் காலுக்கொரு நிமிடம் இழுத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது புள்ளியில் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகால் நாண் அறுந்திருந்தது. நீட்டியதால்தான் அறுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வயதும், வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் துள்ளிக் குதிப்பதும் வலுவான காரணங்கள். ஆனால் 'நான் ஆயத்தமாகிவிட்டேன்' என்ற பொய்த் துணிவை எனக்குத் தந்தது அந்த இரண்டு நிமிடம்.

அப்படியானால் என்ன செய்வது? செய்யப்போகும் செயலையே மெதுவாகத் தொடங்குவதுதான் வழி. ஓடப்போகிறவர் முதலில் நடக்கட்டும், பிறகு மெல்ல ஓடட்டும், முழங்காலை உயர்த்தியும் குதிகால் பின்புறத்தைத் தொடும்படியும் சில அடிகள் வைக்கட்டும், கடைசியில் முக்கால் வேகத்தில் இரண்டு மூன்று முறை பாயட்டும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நம் தோப்புக்கரணத்தை நிதானமாகப் பத்து முறை போட்டாலே போதுமானது. சிலம்ப ஆசான்கள் மாணவனிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன் காலடிகளை மெதுவாக வைக்கச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இருக்காது. கால்பந்துக்கென ஃபிஃபா பரப்பிவரும் 20 நிமிட வெதுப்பல் பயிற்சியும் இதே போக்கில் அமைந்ததுதான்: ஓட்டம், வலு, சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குதல். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண் ஆட்டக்காரர்களிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. தண்ணீர்மலையில் காலைநடை போகும் என் வயதினருக்கோ தனிப் பயிற்சியே தேவையில்லை. முதல் ஐந்து நிமிடம் சமதளத்தில் மெதுவாக நடந்துவிட்டு, அதன்பின் அங்குள்ள முருகன் கோயிலின் 513 படிகளை ஏறத் தொடங்கினால் போதும்.

நீட்டலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கும் சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்) செய்வோருக்கும் மூட்டுகள் முழு அளவில் விரிந்தாக வேண்டும். அவர்கள் உடல் வெதுவெதுப்பான பிறகோ, வகுப்பு முடிந்த பிறகோ பொறுமையாக நீட்டலாம். வந்து நின்றவுடன் கால்களை விரித்து அமுக்கும் பழக்கத்தைத்தான் ஆசிரியர்கள் கைவிட வேண்டும். பூனைகூட எழுந்தவுடன் சோம்பல் முறிக்கிறதே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். முறிக்கிறதுதான், ஆனால் ஒரு நிமிடம் எண்ணிக்கொண்டு அப்படியே நிற்பதில்லை.

பள்ளிகளின் விளையாட்டுக் குழுவினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு எல்லாரையும் ஒன்றாக வெதுப்பிவிட்டு, பத்தரை மணி ஓட்டத்துக்காகப் பிள்ளைகளைக் கூடாரத்தில் உட்கார வைத்தால், ஏறிய சூடு எப்போதோ இறங்கியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பெயர் அழைக்கும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்தள்ளி, திடலின் ஓரத்தில் ஓடிப் பார்க்கச் சிறிது இடம் ஒதுக்கலாம். பூப்பந்து, ஃபுட்சால் அரங்குகளை நடத்துவோரும், முன்பதிவு செய்தவர்களைப் பத்து நிமிடம் முன்னதாகவே உள்ளே விட்டு, ஆடுகளத்துக்கு வெளியே ஒரு மூலையில் கைகால்களை அசைக்க இடம் கொடுத்தால் நன்றாயிருக்கும். அதற்கு அவர்களுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவாகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.